செத்தும் சேராத கணக்கு

இந்த முறை தபால் பையைத் திறந்தால் மீன் வாடை. பதினேழு பேரின் கேள்விகள் ஒரே உறையில், ஏலச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்திருக்கின்றன. துறைமுகத்து டீக்கடையில் கொரோனா சாவுக் கணக்கைப் பற்றிய பேச்சு முற்றி, கிளாஸ் பறக்கிற கட்டத்தில் யாரோ ஒருவர் "பத்திரிகைக்கு எழுதிக் கேட்போம்" என்றாராம். அவருக்கு டீக்கடைக்காரர் கடன்பட்டிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் தொழிலும் ஊரும் மட்டும்.

மீன் ஏலக்காரர், கோட்டைப்பட்டினம்: கொரோனாவில் இந்தியாவில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? வளவளவென்று வேண்டாம். ஒரே எண்ணாகச் சொல்லவும்.

உங்கள் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். முதல் கேள்வி அரசாங்கத்துடையது: 2021 முடிவில் 4.81 லட்சம், இன்றைக்கு 5.33 லட்சம். அடுத்து தொற்றுநோய் ஆய்வாளர் பிரபாத் ஜா குழுவினர்: 2021 நடுப்பகுதி வரைக்குமே 32 லட்சம். மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியனும் கூட்டாளிகளும்: 34 முதல் 49 லட்சம். லான்செட் இதழில் வந்த ஆய்வு: சுமார் 40 லட்சம். 2022 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம்: 47 லட்சம். ஏலத்தில் விலை ஏறுவது வழக்கம்தான். ஆனால் முதல் குரலிலேயே "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" என்று முடித்துவிடப் பார்த்தால், சரக்கைக் கூடைக்குள் சரியாகப் பார்த்தார்களா என்ற சந்தேகம் வருமா, வராதா?

டீக்கடைக்காரர், கோட்டைப்பட்டினம்: அப்படியென்றால் பொய் சொல்வது யார்?

அரசும் ஆய்வாளர்களும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அரசு எண்ணியது, பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்து, பிறகு இறந்து, அந்தத் தகவல் மேலே போய்ச் சேர்ந்தவர்களை. மற்றவர்கள் கேட்டது, 'வழக்கமான ஆண்டைவிட 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் கூடுதலாகச் செத்தார்கள்?' என்று. இரண்டாவது கணக்கில் கொரோனா கொன்றவரும் உண்டு. கொரோனாவால் டயாலிசிஸ் கிடைக்காமல் போனவரும் உண்டு. ஊரடங்கால் விபத்து குறைந்து பிழைத்தவர்கள் கழிபட்டும் போவார்கள். ஒன்று டோக்கன் வாங்கிப் போன படகுகளின் கணக்கு. மற்றது கடலில் நின்ற படகுகளின் கணக்கு. வித்தியாசம் உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

விசைப்படகு உரிமையாளர், ஜெகதாப்பட்டினம்: ஆள் ஆளாக எண்ணாமல் ஜெனீவாவில் உட்கார்ந்து மதிப்பிடுவது என்ன நியாயம்?

நல்ல கேள்வி. உங்களையே ஒன்று கேட்கிறேன். தமிழ்நாட்டில் போன வருடம் இத்தனை டன் மீன் கரை சேர்ந்தது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் அறிக்கை விடுகிறதே, ஒவ்வொரு கூடையையும் தூக்கி நிறுத்துப் பார்த்தா? இல்லை. குறிப்பிட்ட சில இறங்குதளங்களில், குறிப்பிட்ட சில நாட்களில், குறிப்பிட்ட சில படகுகளின் மீன்பாட்டை எழுதிக்கொண்டு, புள்ளியியல் முறைப்படி பெருக்கித்தான் மொத்தம் சொல்கிறார்கள். 1947-ல் ஆரம்பித்து, ஒரு காலத்தில் உங்களுக்குத் தெற்கே மண்டபத்தில் இயங்கிய நிலையம் அது. அதன் எண்ணை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள், மானியம் பேசுகிறார்கள். "ஒவ்வொரு மத்தியையும் எண்ணவில்லையே" என்று எந்த அமைச்சரும் இதுவரை கொதித்ததில்லை.

மாதிரிக் கணக்கு மத்திக்குச் சரி, மனிதனுக்குத் தப்பு என்பது எனக்குப் புரியாத உயிரியல்.

ஆனாலும் அரசின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு முழு ஆண்டின் தேசியப் பதிவை வைத்துக் கணக்கிடவில்லை. 17 மாநிலங்களிலிருந்து கிடைத்த மாதாந்திரத் தகவலை வைத்து மாடல் போட்டது. அதில் கொஞ்சம் மாநில இணையதளங்களில் கிடைத்தது, கொஞ்சம் பத்திரிகையாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கியது. அதனால்தான் 47 லட்சம் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே '33 முதல் 65 லட்சத்துக்குள்' என்று எழுதியும் வைத்தது. 65-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஆடியவர்களும், மாடல் என்பதாலேயே குப்பை என்றவர்களும் இந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், அறந்தாங்கி: அரசாங்கத்திடமே எல்லாச் சாவுகளும் பதிவான பேரேடு இருக்கிறதே. அதைப் பிரித்துப் பார்த்தால் சண்டை முடிந்துவிடாதா?

ஐயா, உறையில் வந்த கேள்விகளில் இதுதான் நெத்தியடிக் கேள்வி. உங்களிடம் படித்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பேரேடு இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே இயற்றப்பட்டது. 2019-ல் நாட்டில் பதிவான மொத்த மரணம் 76.4 லட்சம். 2020-ல் 81.2 லட்சம். அதாவது 4.75 லட்சம் கூடுதல். இந்தக் கணக்கை மத்திய அரசு வெளியிட்ட தேதி 2022 மே 3. உலக சுகாதார நிறுவனம் குண்டு போடுவதற்குச் சரியாக இரண்டு நாள் முன்பு. "பாருங்கள், எங்களிடம் அசல் பதிவு இருக்கிறது, உங்கள் மாடல் எதற்கு?" என்று கேட்டார்கள். கேட்டது சரி. ஆனால் 2020 என்பது கொரோனாவின் முதல் ரீல்தானே. கதை நடந்தது 2021 ஏப்ரல், மே மாதங்களில். அந்த 2021-ம் ஆண்டின் பேரேடு எப்போது வந்தது தெரியுமா? 2025 மே மாதம். அதில் பதிவான மரணம் 1 கோடியே 2 லட்சம். முந்தைய ஆண்டைவிட 21 லட்சம் அதிகம். அதே 2021-ல் அதிகாரபூர்வக் கொரோனா சாவு 3.3 லட்சம் அளவுதான்.

கூடுதல் முழுவதும் கொரோனா இல்லை. ஜனத்தொகை கூடுகிறது, பதிவு செய்யும் பழக்கமும் கூடுகிறது. அதற்கெல்லாம் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் 3.3 லட்சத்துக்கு இறங்கி வர, உங்கள் வகுப்பில் எந்தப் பையனாலும் முடியாது.

பிளஸ் டூ மாணவி, மீமிசல்: 'இணை நோய்' என்று தினமும் செய்தியில் சொன்னார்களே, அது என்ன?

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு போன்றவை ஏற்கெனவே இருப்பது. அது இருந்தால் கொரோனாவில் ஆபத்து அதிகம் என்பது மருத்துவ உண்மை. 'அது இருந்ததால் அவர் கொரோனாவால் சாகவில்லை' என்பது நிர்வாக உண்மை. நாற்பது வருடமாகச் சர்க்கரையோடு சண்டை போட்டு ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கொரோனா வந்த பத்தாம் நாள் போனால், பழி சர்க்கரை மேல். நடுக்கடலில் படகு கவிழ்ந்து இறந்தவரைப் பார்த்து 'இவருக்கு மூட்டுவலி இருந்திருக்கிறது, நீந்த முடியவில்லை, மூட்டுவலி மரணம்' என்று எழுதினால் எப்படி இருக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-லேயே தெளிவாகச் சொன்னது: இணை நோய் இருந்தாலும், அடிப்படைக் காரணம் கொரோனா என்றால் கொரோனா என்றே எழுது என்று. வழிகாட்டுதல் டெல்லியிலிருந்து கிளம்பியது. எந்த ஊரில் இறங்கியது என்பதில்தான் குழப்பம்.

வலை பின்னுபவர், கோட்டைப்பட்டினம்: கொரோனாவே கட்டுக்கதை என்கிறார் என் மச்சான். ஆஸ்பத்திரிக்காரர்கள் காசுக்காக எல்லாச் சாவையும் கொரோனா என்று எழுதினார்களாம்.

மச்சானின் கணக்குப்படி கொரோனாச் சாவுகள் கூட்டி எழுதப்பட்டவை. அப்படியென்றால் பேரேட்டில் மொத்தச் சாவு கூடியிருக்கக் கூடாது; காரணம் மட்டும் மாறியிருக்க வேண்டும். மேலே ஆசிரியருக்குச் சொன்ன 21 லட்சத்தை மச்சானிடம் காட்டுங்கள். காசுக்காக ஆஸ்பத்திரி காரணத்தை மாற்றலாம், ஆளைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது.

கல்லூரி மாணவர், மணமேல்குடி: நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுத்தானே இறந்தார்?

2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் போனார். தமிழ்நாடே இரண்டையும் முடிச்சுப் போட்டது. அழுகையில் முடிச்சு இறுகத்தான் செய்யும். தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து நேர்ந்தவை, தடுப்பூசி காரணமல்ல என்று முடிவு சொன்னது. பிறகு 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களை வைத்து ஐ.சி.எம்.ஆர். 47 மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தி 2023-ல் வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் குறைத்திருக்கிறது என்றது. ஆபத்தைக் கூட்டியவை: கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு வரலாறு, அளவு மீறிய குடி, கடும் உடலுழைப்பு. குடி இருக்கிற பட்டியல் என்பதால் வாட்ஸ்அப்பில் அது பரவவில்லை.

பெயர், தொழில் இரண்டும் வேண்டாம், கோட்டைப்பட்டினம்: எங்கள் அத்தா 2021 மே மாதம் வீட்டிலேயே மூச்சுத் திணறி மவுத்தானார். டெஸ்ட் எடுக்கவில்லை. அவர் கணக்கில் இருக்கிறாரா?

அம்மா, இருக்கிறார், இல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் மரணத்தைப் பதிந்திருந்தால் 1 கோடியே 2 லட்சத்தில் உங்கள் அத்தாவும் ஒருவர். ஆனால் கொரோனாவின் 5.33 லட்சத்தில் இல்லை. பரிசோதனைச் சீட்டு இல்லாதவருக்கு அந்த வாசல் திறக்காது. நீங்கள் மட்டுமல்ல. 2021-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தது நூற்றுக்கு 23-க்குத்தான். மீதி 77 பேர் எதனால் போனார்கள் என்பது குடும்பத்துக்குத் தெரியும், பேரேட்டுக்குத் தெரியாது. அந்த 23-க்குள்ளேயே கொரோனா என்று மருத்துவர்கள் எழுதியது 4.13 லட்சம். அதாவது, கால்வாசிச் சாவுகளில் மட்டும் தேடியபோதே, அரசு அந்த ஆண்டு முழுவதற்கும் சொன்ன எண்ணைத் தாண்டிவிட்டது. இதுவும் அரசே அச்சடித்த அறிக்கைதான்.

இன்னொரு சங்கதி. நீங்கள் வாங்கிய இறப்புச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள், காரணம் எங்கேயும் இருக்காது. மறைக்கவில்லை, சட்டமே அப்படி. பதிவேட்டில் காரணம் எழுதப்பட்டிருந்தாலும் பொதுமக்களுக்குத் தரும் நகலில் அதைக் காட்டக் கூடாது என்கிறது 1969 சட்டத்தின் 17-வது பிரிவு. இறந்தவரின் அந்தரங்கத்தைக் காக்க வைத்த விதி. பிறகு உதவித்தொகைக்குப் போனால், "கொரோனா என்று காட்டும் காகிதம் எங்கே?" என்று கேட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் வழி பிறந்தது. பாசிட்டிவ் வந்த 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா மரணம். குறை இருந்தால் மாவட்டக் குழுவிடம் போகலாம். குடும்பத்துக்கு 50,000 ரூபாய். தற்கொலையை முதலில் விலக்கியிருந்தார்கள், நீதிமன்றம் கேட்ட கேள்விக்குப் பிறகு சேர்த்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மூலதனம் அந்த ஒரு பரிசோதனை அல்லது ஒரு மருத்துவரின் எழுத்து. மூச்சு முட்டுகிற மனிதரை வைத்துக்கொண்டு, ஊரடங்கில் வண்டி பிடித்து அறந்தாங்கிக்கா புதுக்கோட்டைக்கா என்று திகைத்து நின்ற வீட்டில், சீட்டு வாங்க யாருக்கு ஞாபகம் வரும்?

ஆட்டோ ஓட்டுநர், மீமிசல்: குஜராத்தில் செத்தவரைவிட அதிகம் பேருக்கு அரசு பணம் கொடுத்ததாமே. நிஜமா?

நிஜம். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட விவரம்: குஜராத்தின் அதிகாரபூர்வச் சாவு சுமார் 10,000. வந்த விண்ணப்பம் 89,633. ஏற்றுக்கொண்டது 68,370. தெலங்கானாவில் சாவு 3,993, விண்ணப்பம் 28,969. கஜானாவைத் திறக்கும்போது 68 ஆயிரம், மைக்கைத் திறக்கும்போது 10 ஆயிரம். ஒரே அரசாங்கத்துக்கு இரண்டு வாய்.

போலி விண்ணப்பங்களும் இருந்தன. நீதிமன்றமே கவலைப்பட்டு, ஆந்திரா, குஜராத், கேரளா, மகாராஷ்டிரா நான்கிலும் நூற்றுக்கு ஐந்து விண்ணப்பங்களைச் சரிபார்க்க அனுமதித்தது. மீன்பாட்டில் கொஞ்சம் கழிவு மீன் இருக்கும்தான். அதற்காகப் பாடே இல்லை என்றா சொல்வோம்?

அதே ஆட்டோ ஓட்டுநர்: அங்கே பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

'சந்தேஷ்' என்ற குஜராத்திப் பத்திரிகையின் நிருபர்கள் அகமதாபாத்தில் பிணவறை வாசலில் இரவெல்லாம் நின்று, வெளியே வந்த உடல்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். மறுநாள் அரசு சொன்னதைவிட அது பல மடங்கு. 'சந்தேஷ்' என்றால் செய்தி. சந்தேகம் என்று படித்தாலும் அன்றைக்குப் பொருத்தம்தான்.

ஜவுளிக்கடை ஊழியர், அறந்தாங்கி: தமிழ்நாடு யோக்கியமா? அப்போது சுகாதார அமைச்சர் நம் மாவட்டத்துக்காரர் ஆயிற்றே.

விராலிமலை விஜயபாஸ்கர். மாவட்டப் பாசத்தில் பதிலை வளைக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

மாநிலத்தின் அதிகாரபூர்வ எண் 38 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். 2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநில அரசின் மாலை புல்லட்டினுக்கும் ஒத்துவரவில்லை என்று பத்திரிகைகள் பிடித்தன. குழு போட்டார்கள். 2020 ஜூலை 22 அன்று, விட்டுப்போன 444 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தார்கள். அன்றைய புல்லட்டினில் சாவு 518. தவறை மூடாமல் திருத்தியதற்கு ஒரு மார்க் போடலாம்.

மீதி மார்க்குக்குத் திண்டாட்டம். இரண்டாம் அலையில் ஆட்சி மாறியது, கணக்கு முறை அவ்வளவாக மாறவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆறு அரசு மருத்துவமனைகளில் வழங்கிய இறப்புச் சான்றிதழ்களை எடுத்து வைத்து, புல்லட்டின் எண் பல மடங்கு குறைவு என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் சொன்னது. சான்றிதழில் கொரோனா என்று எழுத மறுக்கிறார்கள் என்ற புகாரைச் சென்னை உயர் நீதிமன்றமும் விசாரித்து, ஆராயச் சொன்னது. பிறகு லான்செட் தொற்றுநோய் இதழில் சென்னையைப் பற்றியே தனி ஆய்வு வந்தது. 2020 மார்ச் 1 முதல் 2021 ஜூன் 30 வரை சென்னையில் பதிவான 87,870 மரணங்களில் 25,990 வழக்கத்துக்கு மேற்பட்டவை என்றது. அதிகாரபூர்வ எண் அப்போது எட்டாயிரத்தை ஒட்டி. கூடுதல் சாவு ஏழைகள் வாழும் பகுதிகளில் அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதைச் சொல்ல ஆய்வு எதற்கு என்பீர்கள். சொன்னால் நம்ப மாட்டார்களே, அதற்குத்தான்.

சென்னையில் இப்படிக் கணக்குப் பார்க்க முடிந்ததே பதிவேடு ஒழுங்காக இருந்ததால்தான். பதிவேடே இல்லாத ஊரில் குட்டு வெளிப்படாது, நல்ல பெயரும் கெடாது. பீகாரில் பாட்னா உயர் நீதிமன்றம் உலுக்கிய பிறகு 2021 ஜூன் 9 அன்று சாவு எண் 5,458-லிருந்து ஒரே தாவலில் 9,429 ஆனது.

ஐஸ் பிளான்ட் தொழிலாளி, ஜெகதாப்பட்டினம்: ஆக்சிஜன் இல்லாமல் யாருமே சாகவில்லை என்று பார்லிமெண்டில் சொன்னார்களே?

2021 ஜூலை 20, மாநிலங்களவை. சரியாகச் சொன்னால், 'ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் தகவல் தரவில்லை' என்றார்கள். கேள்வித்தாளே அனுப்பாமல் 'யாரும் ஃபெயில் இல்லை' என்று அறிவிப்பதுபோல. அதே ஆண்டு மே மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்றார்கள் உறவினர்கள். பற்றாக்குறை இல்லை என்றார்கள் அதிகாரிகள். எண்ணில் சண்டை இல்லை பாருங்கள். 13-ஐ இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எதனால் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

மீனவர், கோட்டைப்பட்டினம்: அதே கதைதான் எங்களுக்கும். 2021 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா?

இருக்கிறது. 18-ந் தேதி உங்கள் துறைமுகத்திலிருந்து போன படகு. நாலு பேர். கரைக்கு வந்தது உடல்கள். இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி மூழ்கடித்தது என்பது மீனவர் பக்கம். தப்பி ஓடும்போது மோதி மூழ்கியது என்பது அவர்கள் பக்கம். நான்கு என்ற எண்ணை யாரும் மறுக்கவில்லை.

மீனவரின் மனைவி, ஜெகதாப்பட்டினம்: கடலில் காணாமல் போனவருக்குச் சான்றிதழ் வாங்க ஏழு வருடம் காத்திரு என்கிறார்கள். கொரோனாவில் போனவர்களுக்காவது உடல் இருந்தது.

உங்கள் கேள்விக்கு முன்னால் என் கிண்டல் எல்லாம் வாயை மூடிக்கொள்கிறது. ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய ஊகம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த விதியைத் தளர்த்தி, காணாமல் போனவர்களுக்கும் சீக்கிரம் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் போனார்கள். இலங்கைத் தீவு குறுக்கே நின்று மறைத்ததால் புதுக்கோட்டை மாவட்டத்தில் 15. ஆயிரக்கணக்கில் சேர்ந்து போனால் விதி வளைகிறது. ஒற்றை ஆளாகப் போனால் விதி நிமிர்ந்து நிற்கிறது. கொரோனாவில் லட்சக்கணக்கில் சேர்ந்து போயும் விதி வளையாமல் நின்றதுதான் புதுமை.

பள்ளிவாசல் நிர்வாகி, கோட்டைப்பட்டினம்: அக்கரையில் இலங்கையில் நம் மக்களின் மய்யித்தை எரித்தார்களே, அதைப் பற்றி?

2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிக்க வேண்டும் என்று அரசிதழில் போட்டார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெடும் என்றது இலங்கை அரசு. பிறந்து 20 நாளே ஆன குழந்தையையும் எரித்தார்கள். 2021 பிப்ரவரி கடைசியில்தான் ஆணை மாறியது. பிறகு மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் ஒரே மையவாடி. தீவின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கே கொண்டு போக வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. இக்கரையில் அதே நாட்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் கவச உடையில் எல்லா மதத்து உடல்களையும் சுமந்தார்கள். எரிப்பதை எரித்தார்கள், புதைப்பதைப் புதைத்தார்கள், கேட்டது ஒன்றுதான்: குடும்பத்தார் என்ன முறை?

மருந்துக்கடைக்காரர், மணமேல்குடி: இந்த மாதிரிக் கணக்குச் சண்டை முன்பும் நடந்திருக்கிறதா?

நூறு வருடமாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை. 1918 இன்ஃபுளுயன்சாவில் இந்தியாவில் 60 லட்சம் பேர் போனதாக வெள்ளைக்கார சுகாதார அதிகாரி முதலில் எழுதினார். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. பார்த்தால் பத்து வருடத்தில் இன்றைய இந்திய எல்லைக்குள் ஜனத்தொகையே குறைந்திருந்தது. எண் 1.2 கோடிக்கு மேல் ஏறியது. 1951-ல் மக்கள்தொகை ஆய்வாளர் கிங்ஸ்லி டேவிஸ் 1.85 கோடி என்றார். 2012-ல் ஓர் ஆய்வு சுமார் 1.39 கோடிக்கு இறக்கியது.

அந்த ஏகாதிபத்திய அரசாங்கத்தைக் காட்டிக் கொடுத்தது அதன் சொந்தக் கணக்கெடுப்புதான். நாம் உஷார். 2021 கணக்கெடுப்பை நடத்தவே இல்லை. 2027-க்குத் தள்ளிவிட்டோம்.

தர்கா பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்காரர், கோட்டைப்பட்டினம்: போனவர்கள் போய்விட்டார்கள். இப்போது எண்ணி என்ன ஆகப் போகிறது?

ராவுத்தர் அப்பா கந்தூரிக்குப் போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாமல், இந்த வருடம் எத்தனை சட்டி நெய்ச்சோறு ஏற்றுவீர்கள்? ஐம்பது பேர்தான் வந்தார்கள் என்று யாரோ மேலிடத்துக்கு நல்ல பிள்ளையாக எழுதி வைத்திருந்தால்?

நண்டு கம்பெனி சூப்பர்வைசர், கோட்டைப்பட்டினம்: எங்கள் ஊருக்கு மட்டும் சரியான கணக்கு எடுக்க முடியுமா?

முடியும். ஜெனீவா வேண்டாம், மாடலும் வேண்டாம். வி.ஏ.ஓ. அலுவலகத்து இறப்புப் பதிவேடு ஒன்று. மையவாடியில் குழி வெட்டியதற்குப் பள்ளிவாசலில் எழுதி வைத்த குறிப்பு ஒன்று. சுடுகாட்டுக்குப் பறை அடிக்கப் போனவர்களின், விறகும் வறட்டியும் கொடுத்தவர்களின் ஞாபகம் ஒன்று. 2018, 2019 இரண்டு வருடத்துச் சராசரியையும் 2021-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாதவாரியாகப் பிரியுங்கள். மே மாதத்தில் நிறுத்திப் பாருங்கள். அப்போது தடைக்காலம் வேறு, விசைப்படகெல்லாம் கரையில். ஊர் முழுக்க ஊரில்தான் இருந்தது, யார் வீட்டில் அழுகை கேட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கணக்கைப் போட்டுவிட்டு டீக்கடைக்கு வாருங்கள். கிளாசை மட்டும் உடைக்க வேண்டாம்.

மறுபடியும் மீன் ஏலக்காரர்: சுற்றி வளைத்தது போதும். உங்கள் எண் என்ன?

விட மாட்டீர்கள் போலிருக்கிறது. அரசின் சொந்தப் பேரேட்டில் 2019-ஐ அடியாக வைத்தால், அடுத்த இரண்டு வருடத்தில் கூடிய மரணம் 30 லட்சத்துக்குச் சற்று மேல். பதிவுப் பழக்கம் கூடியதற்குக் கொஞ்சம் கழித்து, பதிவே ஆகாமல் போனவர்களுக்குக் கொஞ்சம் கூட்டி, 30 லட்சத்தை ஒட்டியே நான் நிற்கிறேன்.

அதில் என் பெரியம்மாவும் சேர்த்தி. ஆறு நாள் காய்ச்சல், ஏழாம் நாள் மூச்சு. கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் பரிசோதனை முடிவு வரும் முன்பே போய்விட்டார். 'மாரடைப்பு' என்று எழுதினார்கள். கொரோனா என்றால் உடலைத் தர மாட்டார்கள் என்ற பயத்தில் நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு வந்த சான்றிதழில் அவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்த மூன்று முறை அலைந்தேன். காரணத்தைத் திருத்த ஒரு முறைகூடப் போகவில்லை.